இணைகரத்துக்குக் கோடு இல்லை

பிப்ரவரி 5, திங்கள்

வெறும் வயிற்றில் சர்க்கரை 162. காலையில் மூன்று இட்லி, சட்னி. மதியம் ராகிக் களி, கீரை. மாலையில் டீ, சர்க்கரை போடாமல்.

டாக்டரம்மா சொன்னது: "சாப்பிட்டத மட்டும் எழுதாதீங்க மயில்சாமி. அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னும் ரெண்டு வரி எழுதுங்க. எதுக்காகக் கூடுதலாச் சாப்பிட்டோம்னு அப்பத்தான் தெரியும்." டயர் கடையில் கொடுத்த டைரி ஒன்று சும்மா கிடந்தது. அதில் எழுதுகிறேன். மூன்று மாதம் கழித்து அவரிடம் காட்ட வேண்டும்.

நடந்தது: பள்ளிக்கூட வேன், நம்பர் 4. காலையில் இரண்டு டிரிப், மாலையில் இரண்டு டிரிப். ஒன்று மடத்துக்குளம் பக்கம், இன்னொன்று கணியூர் பக்கம். கிளச் இறுகிக்கொண்டே போகிறது. வேன்களுக்குப் பொறுப்பான ஆறுச்சாமி அண்ணனிடம் சொன்னேன். பார்க்கலாம் என்றார். போன மாதமும் பார்க்கலாம் என்றுதான் சொன்னார்.

என் மகள் கனிஷ்கா அதே பள்ளிக்கூடத்தில் ஆறாவது படிக்கிறாள். டிரைவர் பிள்ளை என்பதால் கிடைத்த சீட்டு. என் வேனிலேயே வந்து போகிறாள். இன்று மாலை வழி முழுக்கப் பையைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்ததும் கணக்குப் பரீட்சைத் தாளை என் முன்னால் வைத்தாள். இருபத்தைந்துக்கு இருபத்து மூன்று.

"நல்ல மார்க்குத்தானே கண்ணு?"

"ரெண்டு மார்க்கு தப்பாக் கொறச்சிருக்காங்கப்பா."

சில படங்களைக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் சமச்சீர்க் கோடு வரையச் சொல்லியிருக்கிறார்கள். அதாவது, படத்தை ஒரு கோட்டில் மடித்தால் இரண்டு பாதியும் ஒன்றின்மேல் ஒன்று அச்சாக உட்கார வேண்டும். உட்கார்ந்தால் அந்த மடிப்புதான் சமச்சீர்க் கோடு. கனிஷ்கா சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். சதுரம், முக்கோணம், வட்டம் எல்லாவற்றுக்கும் சரியாகப் போட்டிருக்கிறாள். ஒரு பக்கம் சாய்ந்த செவ்வகம் மாதிரி ஒன்று இருந்தது. இவர்கள் இங்கிலீஷில் என்னவோ சொல்கிறார்கள். நான் படித்த காலத்தில் இணைகரம். அதற்கு மட்டும் 'ஒரு கோடும் இல்லை' என்று எழுதியிருக்கிறாள். பிரசில்லா மிஸ் சிவப்பில் அடித்து, 'இரண்டு' என்று போட்டிருக்கிறார்.

ரெண்டு மார்க்குத்தானே, விடு என்றேன். அவள் விட்ட மாதிரி தெரியவில்லை.

பிப்ரவரி 6, செவ்வாய்

160. காலையில் தோசை இரண்டு. கனிஷ்காவுக்கு ஜடை பின்னிவிட்டுக் கிளம்பினேன். மூன்று வருடமாக அது என் வேலை.

கனிஷ்கா அட்டையில் ஒரு இணைகரம் வெட்டிக்கொண்டு போயிருக்கிறாள். மிஸ் பாடம் நடத்தும்போது எழுந்து நின்று, "இத எங்க மடிச்சாலும் ஒக்கார மாட்டேங்குது மிஸ்" என்று எல்லார் முன்னாலும் மடித்துக் காட்டியிருக்கிறாள். மிஸ் உட்காரச் சொல்லியிருக்கிறார். இவள் உட்காரவில்லை. பள்ளிக்கூடமே அச்சடித்துக் கொடுத்த நோட்ஸில் இரண்டு என்றுதான் இருக்கிறதாம். அந்த நோட்ஸைத் தயாரித்தவர் பிரின்சிபால் மேடம்.

தண்டனையாக இம்போசிஷன். 'இணைகரத்துக்கு இரண்டு சமச்சீர்க் கோடுகள் உண்டு' என்று நூறு தடவை எழுதிக்கொண்டு வர வேண்டும்.

மாலையில் நோட்டை விரித்தாள். அறிவியல் பாடம் எழுதினாள். சமூக அறிவியல் எழுதினாள். மூடி வைத்தாள்.

பிப்ரவரி 7, புதன்

வேன் ஷெட்டிலிருந்து பார்த்தால் ஆறாம் வகுப்பு வராண்டா தெரியும். பத்து மணிக்குக் கனிஷ்கா வெளியே நின்றிருந்தாள். பதினொரு மணிக்கும் நின்றிருந்தாள். எனக்கு டயரில் காற்றுப் பார்க்கிற வேலை இருந்தது. நான்கு சக்கரத்துக்கும் பார்த்தேன். பிறகு ஸ்டெப்னிக்கும் பார்த்தேன்.

மதியம் களி. அதன் மேல் இரண்டு போண்டா. பசி, வேறொன்றும் இல்லை.

பிப்ரவரி 8, வியாழன்

181. மெஷினில் ஏதோ கோளாறு.

இன்றும் வெளியேதான் நின்றாள். மூன்றாவது பீரியடில் பிரின்சிபால் மேடம் அந்தப் பக்கம் வந்து நின்று அவளிடம் ஏதோ கேட்டார். கனிஷ்கா தலையை ஆட்டினாள். எந்தப் பக்கம் ஆட்டினாள் என்று அவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை. ஆனால் தெரிந்தது.

ஆறுச்சாமி அண்ணன் வந்து பக்கத்தில் நின்றார்.

"மயிலு, புள்ளைகிட்டச் சொல்லி எழுதி வாங்கீரு. மேடத்துக்கு விசயம் போயிருச்சு. நாளைக்கு உன்னையும் சேத்துத்தான் கேப்பாங்க."

வீட்டுக்கு வந்து சத்தம் போட்டேன். "நூறு தடவ எழுதறதுல கை தேஞ்சா போயிரும்? எழுதிப்போட்டுப் படிக்கற வழியப் பாரு" என்றேன். என் மனைவி திலகமணி மில்லிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். 

கனிஷ்கா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. ஒரு தாளில் ஸ்கேல் வைத்து இணைகரம் வரைந்து, கத்தரித்து, என் கையில் கொடுத்தாள்.

"நீங்க சொன்னா எழுதறேன்பா. ஆனா மொதல்ல நீங்க மடிச்சுப் பாக்கோணும். பாத்துட்டு எழுதுன்னு சொல்லுங்க. நூறு என்ன, எரநூறு எழுதறேன்."

எனக்கு இதற்கெல்லாம் நேரமில்லை என்றேன். தாளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பால் வாங்கப் போனேன். பால் ஏற்கெனவே வாங்கியிருந்தோம்.

பிப்ரவரி 9, வெள்ளி

178. மெஷின் அப்படியேதான் இருக்கிறது.

காலை டிரிப் முடிந்து ஒன்பதே காலிலிருந்து மூன்றரை வரை ஷெட்டில் சும்மா இருக்க வேண்டும். இருக்கவே முடியவில்லை. வேன் கதவைச் சாத்திக்கொண்டு கடைசி சீட்டில் உட்கார்ந்து அந்தத் தாளை எடுத்தேன்.

மூலைக்கு மூலை மடித்தேன். இரண்டு பக்கமும் ஒவ்வொரு முனை காது மாதிரி வெளியே நீட்டிக்கொண்டது. அடுத்த இரண்டு மூலையைச் சேர்த்து மடித்தேன். அதுவும் உட்காரவில்லை. நெடுக்கில் நடுவாக மடித்தேன், குறுக்கில் நடுவாக மடித்தேன். பாழாய்ப் போன அந்தச் சாய்ந்த ஓரம் எங்கே மடித்தாலும் எதிர்ப்பக்கம் பார்த்துச் சாய்ந்து நிற்கிறது.

சரி, மிஸ் எம்.எஸ்ஸி. படித்தவர், நமக்குத் தெரியாத ஏதோ இருக்கும் என்று, டூல் பாக்ஸில் இருந்த பிளேடால் மூலைக்கு மூலை வெட்டிவிட்டேன். இரண்டு முக்கோணம் வந்தது. ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் அச்சாகப் பொருந்தியது. மனசு நிம்மதியாகிவிட்டது. மிஸ் சொன்னது சரி, என் மகள்தான் அவசரக்காரி, இன்று மாலை எழுத வைத்துவிடலாம் என்று எழுந்தேவிட்டேன்.

ஏனோ மறுபடியும் உட்கார்ந்து, முதலில் இருந்த மாதிரி இரண்டையும் சேர்த்து வைத்தேன். ஒன்றை மடிப்பது போல அப்படியே கவிழ்த்தேன். பொருந்தவில்லை. அப்போதுதான் தெரிந்தது. முன்பு பொருந்தியபோது நான் கவிழ்க்கவில்லை, சுற்றியிருக்கிறேன். அரைச் சுற்று. இரண்டு பாதியும் ஒரே அளவு என்பது உண்மை. ஆனால் ஒரே அளவாக இருந்தால் மட்டும் போதாது, மடித்தால் உட்கார வேண்டும்.

பழைய சைடு மிரர் ஒன்று சீட்டுக்கு அடியில் கிடந்தது. வேறொரு தாளில் இணைகரம் வெட்டி, நீளமான மூலைக்கோட்டின்மேல் அந்தக் கண்ணாடியை நிறுத்திப் பார்த்தேன். மடிப்பு சரியென்றால் கண்ணாடிக்குள் மீதிப் பாதி தெரிய வேண்டும். கண்ணாடிக்குள் தெரிந்தது வேறு உருவம். பையன்கள் விடுகிற பட்டம் மாதிரி இருந்தது.

மூன்று தாள் தீர்ந்தது. மணி பன்னிரண்டு.

மாலையில் கனிஷ்கா கேட்டாள்: "பாத்தீங்களாப்பா?"

"இல்ல கண்ணு, வேலை இருந்துச்சு" என்றேன்.

பிப்ரவரி 10, சனி

வேனை வாட்டர் வாஷுக்கு விட்டுவிட்டுக் காத்திருந்தேன். சும்மா இருக்கிற நேரத்துக்கு: சதுரத்துக்கு நான்கு. செவ்வகத்துக்கும் நான்கு என்று நினைத்தேன், இரண்டுதான். மூலைக்கு மூலை மடித்தால் செவ்வகமும் காது நீட்டுகிறது. நான்கு பக்கமும் சமமாக இருக்கிற சாய்சதுரத்துக்கு இரண்டு. மூன்று பக்கமும் சமமான முக்கோணத்துக்கு மூன்று. பைபாஸில் நிற்கிற எட்டு மூலை ஸ்டாப் போர்டுக்கு எட்டு. எழுத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது. வட்டத்துக்கு எண்ணி மாளாது.

இதெல்லாம் ஒன்பதாவதோடு நிறுத்தியவனுக்கு எதற்கு என்று தெரியவில்லை. மதியம் பரோட்டா மூன்று.

பிப்ரவரி 11, ஞாயிறு

திலகமணி துணி துவைக்கச் சட்டைப் பையைத் துழாவியபோது மடித்து மடித்துக் கசங்கிய தாள்கள் வந்தன. கனிஷ்கா தண்ணீர் பிடிக்கத் தெருக்குழாய்க்குப் போயிருந்தாள்.

"பாத்துட்டீங்க" என்றாள் திலகமணி.

"ம்."

"ஒக்காந்துதா?"

"இல்ல."

"அப்பறம் ஏன் புள்ளைகிட்டப் பாக்கலைன்னு சொன்னீங்க?"

நான் தாள்களை வாங்கி, மாற்றுச் சட்டையின் பையில் போட்டேன். அவளே சொன்னாள், துணியைப் பிழிந்துகொண்டே. குரலை உயர்த்தவில்லை.

"மெசினு மூடி ஏற்கெனவே கழண்டு கெடந்துச்சுன்னு ஆஸ்பத்திரில வெச்சே உங்ககிட்டச் சொன்னேன். நாந்தான் கழட்டினேன்னு மில்லுக்காரவிய எழுதிக் கொண்டாந்த தாள நீங்க படிச்சீங்க. படிச்சுட்டு, கையெழுத்துப் போட்டுரு திலகா, வேலையாவது மிஞ்சும்னீங்க. கட்டுப் போட்ட கைல போட முடியலைன்னு இடது கைல ரேகை வெச்சேன். நான் உங்கள அன்னைக்கு ஒண்ணும் கேக்கல. இன்னைக்கும் கேக்கல. புள்ள கேக்கறா, அவளுக்குப் பதில் சொல்லுங்க."

மூன்று வருடம் முன்பு நடந்தது. நூற்பு மெஷினில் அவளுக்கு வலது கை ஆள்காட்டி விரல் பாதி போனது. இப்போது பேக்கிங்கில் இருக்கிறாள். ஜடை பின்னுவது கஷ்டம்.

நான் நல்லதற்குத்தான் சொன்னேன். அப்படித்தான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதை டாக்டரம்மாவிடம் காட்ட முடியாது. பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்று பார்த்தேன். கிழிக்கவில்லை.

பிப்ரவரி 12, திங்கள்

196. எழுத வேண்டியது நிறைய இருக்கிறது.

பத்து மணிக்கு பிரின்சிபால் மேடம் கூப்பிட்டார். பிரசில்லா மிஸ் ஓரமாக நின்றிருந்தார். எனக்கு நாற்காலி சொல்லவில்லை, நான் எதிர்பார்க்கவும் இல்லை. போகும்போது மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன். நடந்ததைத்தானே டாக்டரம்மா எழுதச் சொன்னார்.

"உங்க பொண்ணு ஒரு வாரமா கிளாஸையே கெடுத்துட்டிருக்கா. டீச்சர எதுத்துப் பேசறா. வியாழக்கிழமைக்குள்ள இம்போசிஷன் வரணும். அன்னைக்கு பிரேயர்ல மைக்ல மன்னிப்புக் கேக்கணும். இல்லைன்னா டி.சி. வாங்கிக்கங்க."

"பேசுனது தப்புங்க மேடம். அதுக்கு மன்னிப்புக் கேக்கச் சொல்றனுங்க. ஆனா அந்தக் கணக்கு..."

"நீங்க எத்தனாவது படிச்சிருக்கீங்க?"

"ஒம்பதாவதுங்க."

"மிஸ் எம்.எஸ்ஸி. மேத்ஸ். நான் இருபத்தாறு வருஷமா டீச்சர்."

அவர் சொன்னது எல்லாம் உண்மை. சரிங்க மேடம் என்று சொல்ல வாய் திறந்தேன். கை தானாகச் சட்டைப் பைக்குள் போய்விட்டது. அதில் கிடந்த இணைகரத் தாள் ஒன்றை எடுத்து மேஜைமேல், கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்த கால அட்டவணைக்கு மேலே வைத்தேன்.

"படிச்சவிய சொன்னா சரியாத்தானுங்க இருக்கும். எனக்கு ஒரே ஒருக்கா மடிச்சுக் காட்டீருங்க. ரெண்டு வேண்டாமுங்க, ஒரு கோடு காட்டுனாப் போதும். இங்கயே ஒக்காந்து நானே நூறு தடவ எழுதிக் குடுக்கறனுங்க, எம்புள்ளையவும் எழுத வெக்கறன்."

மேடம் தாளைத் தொடவில்லை. "இது ஒழுங்கா வெட்டல" என்றார்.

"அப்ப நீங்களே வெட்டுங்க மேடம். கத்திரி நான் கொண்டாறன்."

 நான் மிஸ்ஸைப் பார்த்தேன். "நீங்க மடிச்சுப் பாத்தீங்களா மிஸ்?" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வெளிய போங்க" என்றார் மேடம். தாளை எடுத்துக்கொண்டு வந்தேன். வராண்டா முனையில் இருந்த குழாயில் மூன்று தடவை தண்ணீர் குடித்தேன். பயமில்லை, தாகம்.

சாயங்காலம் வேன் காலியானதும், கனிஷ்காவை முன் சீட்டுக்கு வரச் சொன்னேன்.

"மடிச்சுப் பாத்தேன் கண்ணு. வெள்ளிக்கெழமையே பாத்துட்டேன். எங்க மடிச்சாலும் ஒக்காரல. நீ எழுத வேண்டாம்."

 "வேலை போயிருமாப்பா?" என்றாள்.

"போலாம்."

"அப்ப?"

"எனக்கு ஓட்டத் தெரியும். வண்டி எங்கயும் இருக்கு" என்றேன். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று எனக்கே தோன்றியது.

பிப்ரவரி 13, செவ்வாய்

நம்பர் 4 வேனை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்கள். என்னை வேன்களைக் கழுவச் சொன்னார்கள். ஏழு வேன்.

பிப்ரவரி 14, புதன்

இன்றும் கழுவினேன். பெருக்கும்போது சீட்டுகளுக்கு அடியில் தாளில் வெட்டிய இணைகரங்கள் கிடந்தன. நோட்டுத் தாள், காலண்டர் தாள், பிஸ்கட் பாக்கெட் அட்டை. எல்லாவற்றிலும் மடித்த தடம். நம்பர் 2 வேனில் மட்டும் பதினொன்று. அந்த வேனில் ஆறாவது பிள்ளைகள் நான்கு பேர்தான் வருகிறார்கள்.

மதியம் இரண்டு மணி வாக்கில் பிரசில்லா மிஸ் ஷெட்டுக்கு வந்தார். கையில் டிபன் பாக்ஸ், கழுவ வந்தவர் மாதிரி. குழாயைத் திறந்துவிட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல் பேசினார்.

"கனிஷ்கா சொல்றது சரிங்கண்ணா. அவ கிளாஸ்ல மடிச்சுக் காட்டின அன்னைக்கே வீட்டுக்குப் போய்ப் பாத்தேன். நோட்ஸ்ல சாய்சதுரத்துக்கு இருக்க வேண்டியது ஒரு வரி மாறி இணைகரத்துக்கு ஏறிடுச்சு. நானும் பாக்காம அப்படியே திருத்திட்டேன்."

"அத மேடத்துகிட்டச் சொன்னீங்களா?"

"சொன்னேன். நோட்ஸ் எல்லார் வீட்டுக்கும் போயிடுச்சு, இப்ப மாத்தினா பள்ளிக்கூடத்து மானம் போயிடும்னாங்க." கொஞ்சம் நிறுத்தி, "எம் பையனும் இங்கதான் ரெண்டாவது படிக்கறான்" என்றார்.

கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. மூடி கழன்ற மெஷின் ஒன்றும், நான் படித்துப் பார்த்த ஒரு தாளும் ஞாபகத்துக்கு வந்தன.

"நானும் ஒருக்கா அப்படிப் பண்ணியிருக்கறனுங்க மிஸ்" என்றேன். "மூணு வருசமாச்சு. இன்னும் செரிக்கல."

டிபன் பாக்ஸைக் கழுவாமலே போய்விட்டார்.

பிப்ரவரி 15, வியாழன்

190. சாப்பிட்டது ஞாபகம் இல்லை.

பிரேயர் நடக்கும் மைதானத்துக்கு டிரைவர்கள் போகக் கூடாது. ஷெட்டில் நின்று ஒலிபெருக்கியில் கேட்டோம். உறுதிமொழி, திருக்குறள், செய்தி எல்லாம் முடிந்தது. பிறகு மேடத்தின் குரல்: ஒரு மாணவி தன் தவறை உணர்ந்து பேசுவார்.

கனிஷ்கா குரல் வந்தது. மைக்கை வாய்க்கு ரொம்பப் பக்கத்தில் வைத்திருக்கிறாள், மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

"எல்லாருக்கும் வணக்கம். நான் கனிஷ்கா, ஆறாம் வகுப்பு பி பிரிவு. மிஸ் பாடம் நடத்தும்போது நான் நடுவுல எந்திரிச்சுப் பேசினேன். ஒக்காரச் சொல்லியும் ஒக்காரல. அது தப்பு. மன்னிச்சுக்கோங்க மிஸ்."

ஆறுச்சாமி அண்ணன் என்னைப் பார்த்து அப்பாடா என்பது போலத் தலையாட்டினார்.

"இணைகரத்துக்குச் சமச்சீர்க் கோடு இல்ல. அதுக்கு நான் மன்னிப்புக் கே"

அதோடு மைக்கை அணைத்துவிட்டார்கள்.  மைக் இல்லாமல் அவள் மீதியைச் சொல்லி முடித்தாள் என்று பிறகு பிள்ளைகள் சொன்னார்கள். முதல் நாலு வரிசைக்குக் கேட்டதாம்.

"உம்புள்ள முடிச்சுப்போட்டா மயிலு" என்றார் ஆறுச்சாமி அண்ணன். திட்டுகிறாரா பாராட்டுகிறாரா என்று அவருக்கே தெரியவில்லை.

வேன் சாவி எதுவும் என்னிடம் இல்லை. காக்கிச் சட்டையைக் கழற்றி மடித்து அவர் கையில் கொடுத்தேன். உள்ளே பனியன் போட்டிருந்தேன். பனியனோடு வகுப்பு வாசலில் போய் நின்று, "வா கண்ணு, போலாம்" என்றேன்.

பிப்ரவரி 16, வெள்ளி

மூன்று பேரும் வீட்டில் இருந்தோம். திலகமணி லீவு போட்டாள். உப்புமா. நன்றாக இருந்தது.

பிப்ரவரி 19, திங்கள்

டி.சி. வாங்கப் போனோம். ஆபீஸ் கிளார்க் ஒரு ஃபாரத்தை நீட்டி, கீழே கையெழுத்துப் போடச் சொன்னார். நான் பேனாவை எடுத்தேன். திலகமணி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"படிங்க, என்ன எழுதியிருக்குதுன்னு."

படித்தேன். 'பெற்றோரின் சொந்த விருப்பத்தின் பேரில் மாணவி பள்ளியிலிருந்து விலகுகிறார்.'

"இது எங்க விருப்பம் இல்லீங்களே" என்றாள் கிளார்க்கிடம்.

"எல்லாருக்கும் இப்படித்தாம்மா போடறது. சும்மா ஒரு வழக்கம்."

அவள் பேனாவை என் கையிலிருந்து வாங்கினாள். பெருவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பிடித்து அந்த வரியை அடித்தாள். மேலே எழுத ஆரம்பித்தாள். மெதுவாக எழுதினாள். எழுத்து கோணலாகத்தான் வந்தது, ஆனால் யாரும் படிக்கலாம். 'இணைகரத்துக்குச் சமச்சீர்க் கோடு இல்லை என்று சொன்னதால் அனுப்புகிறார்கள்.' கீழே முழுப்பெயரும் எழுதினாள்.

"இப்படி எழுதினா டி.சி. தர முடியாதும்மா."

"சரிங்க. அப்ப தர்ற வரைக்கும் ஒக்காந்திருக்கறோம்."

பெஞ்சில் உட்கார்ந்தோம். பதினொன்று, பன்னிரண்டு. கிளார்க் இரண்டு தடவை மேடம் அறைக்குப் போய்விட்டு வந்தார். அட்மிஷன் கேட்டு வந்த ஒரு குடும்பம் எங்களைப் பார்த்து என்ன விஷயம் என்று விசாரித்தது. திலகமணி சொன்னாள், ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல். அந்த அப்பா கையிலிருந்த விண்ணப்பத்தை மடித்து மடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மணிக்கு டி.சி. வந்துவிட்டது.

வெளியே வந்ததும் டீ குடித்தோம். திலகமணி தன் கிளாஸில் சர்க்கரை கூடுதலாகப் போடச் சொன்னாள். என் கிளாஸில் போட வேண்டாம் என்றாள்.

அவளிடம் மூன்று வருடம் முந்தியதைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழி முழுக்க நினைத்தேன். பஸ் ஸ்டாண்டு வந்ததும் கேட்டேன். "ம்" என்றாள். பஸ் வந்தது, ஏறினோம். இரண்டு பேர் சீட்டில் தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் விட்டாள்.

பிப்ரவரி 21, புதன்

169.

கனிஷ்காவை அரசு பெண்கள் பள்ளியில் சேர்த்தோம். தலைமையாசிரியை டி.சி.யைப் பார்த்தார், நடந்ததைக் கேட்டார். சிரிக்கவில்லை, வருத்தப்படவும் இல்லை.

"இங்க அந்தப் பிரச்சினை வராதுங்க. ஆறாவதுக்குக் கணக்கு டீச்சர் ஜூன் மாசத்துல இருந்தே இல்ல. போஸ்டிங் போடல. வாரத்துல ரெண்டு நாள் நானே போறேன், மத்த நாள் புள்ளைங்க அவங்களாப் படிக்கறாங்க."

கனிஷ்கா முகம் வாடிவிட்டது. வெளியே வந்து, "சண்ட போடறதுக்குக்கூட ஆள் இல்லையாப்பா" என்றாள்.

எனக்குத் தேங்காய் மண்டியில் மினி லாரி ஓட்ட ஆள் வேண்டும் என்றார்கள். நாளை காலையிலிருந்து. கிளச் புதுசு.

பிப்ரவரி 23, வெள்ளி

மாலை ஆறு மணி இருக்கும், லோடு இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தேன். பழைய பள்ளிக்கூடத்தின் ஆறாம் வகுப்புப் பெற்றோர் வாட்ஸப் குரூப்பில் என் நம்பர் இன்னும் இருக்கிறது. யாரும் எடுக்கவில்லை, ஞாபகம் இல்லாமல் விட்டிருப்பார்கள். அதில் ஒரு அறிவிப்பு வந்திருந்தது. கணக்குத் தேர்வில் ஏழாவது கேள்வியின் நான்காவது படம் ரத்து செய்யப்படுகிறது, அனைவருக்கும் இரண்டு மதிப்பெண் வழங்கப்படும், இது தொடர்பாக யாரும் விளக்கம் கேட்க வேண்டாம்.

கீழே வரிசையாகக் கைகூப்பிய படங்கள். நன்றி மேடம், நன்றி மேடம்.

கனிஷ்காவிடம் காட்டினேன். அவள் இரண்டு தடவை படித்தாள்.

"ரத்துன்னா? ரெண்டுங்கறது சரியா தப்பான்னே சொல்லலையேப்பா. கேள்வி மேல என்ன தப்பு? கேள்வி நல்ல கேள்விதான்."

"அவிய அப்படித்தான் சொல்லுவாங்க கண்ணு."

"அப்ப அங்க இருக்கறவங்களுக்கு யாரு சொல்றது?"

திலகமணி தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள், திரும்பிப் பார்த்தாள். இரண்டு பேரும் இப்படி என்னைப் பார்த்தால் நான் என்ன செய்வது.

எட்டு மாதமாக அந்தக் குரூப்பில் இருக்கிறேன். ஒரு தடவைகூட எதுவும் எழுதியதில்லை. டிரைவர் எழுதினால் யார் படிப்பார்கள் என்று இருந்துவிட்டேன். இன்று உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தேன்.

'கேள்வித்தாளில் இருந்த இணைகரத்துக்குச் சமச்சீர் கோடு இல்லை. ஒன்றுகூட இல்லை. இரண்டு பாதியும் ஒரே அளவுதான், ஆனால் மடித்தால் உட்காராது. உங்கள் பிள்ளையிடம் ஒரு தாளை வெட்டித் தரச் சொல்லி நீங்களே மடித்துப் பாருங்கள். மயில்சாமி, கனிஷ்காவின் அப்பா. நம்பர் 4 வேன் ஓட்டியவன்.'

அனுப்பினேன். நன்றி மேடம்கள் நின்றன. படித்தவர்கள் பட்டியலில் பெயர்கள் ஒவ்வொன்றாக ஏறின. யாரோ எழுதுகிறார் என்று வந்தது, நின்றது, மறுபடி வந்தது.

பிறகு ஒரு பதில் வந்தது.

'அவர் சொல்வது சரி. திருத்தியதில் தவறு என்னுடையது. கனிஷ்கா எழுதிய விடைதான் சரியான விடை. பிரசில்லா, கணித ஆசிரியை.'

அதன் கீழே வேறு ஏதோ வர ஆரம்பித்தபோது என்னைக் குரூப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள். யார் என்ன சொன்னார்கள், மிஸ்ஸுக்கு என்ன ஆனது என்று இதை எழுதும் வரை தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று திலகமணி சொல்கிறாள். போக வேண்டும்.

கனிஷ்கா போனை வாங்கி மிஸ்ஸின் பதிலைத் திரும்பத் திரும்பப் படித்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கொஞ்சம் மேலே தள்ளி, நான் எழுதியதைப் படித்தாள்.

"சமச்சீர்க் கோடுப்பா. நடுவுல க் விட்டுட்டீங்க."

வாங்கிப் பார்த்தேன். இல்லைதான்.

"ஆமா கண்ணு, தப்புதான்" என்றேன். சொல்ல ஒரு நொடிகூட ஆகவில்லை.